பாண்டிச்சேரி ஏன் தனியா இருக்கு? - ஒரு குட்டி ஊரும் ஒரு பெரிய பக்கத்து வீடும்

ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பர் ஒருத்தர், வடக்கத்திக்காரர். லாங் வீக்கெண்டுக்கு பாண்டி போக பிளான் போட்டுக்கிட்டு இருந்தப்ப ஒரு கேள்வி கேட்டார். "அங்கேயும் தமிழ்தான் பேசறாங்க. சுத்தியும் உங்க தமிழ்நாடுதான். அப்புறம் எதுக்குப்பா தனி கவர்மெண்ட்?"

"அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு" என்பதுதான் நாம எல்லாரும் சொல்ற அஞ்சு செகண்ட் பதில். ஆனா கொஞ்சம் யோசிச்சா அது பதிலே இல்லை. தரங்கம்பாடியை டேனிஷ்காரன் ஆண்டான். நாகப்பட்டினத்தை டச்சுக்காரன் ஆண்டான். ரெண்டும் இன்னிக்கு தமிழ்நாட்டுக்குள்ள சமர்த்தா இருக்கு. அட, அதே பிரெஞ்சுக்காரன் ஆண்ட சந்திரநாகூர் இன்னிக்கு மேற்கு வங்காளத்துல ஒரு ஊர், அவ்வளவுதான். பாண்டிக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

எனக்கு சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம் எறையூர். சர்க்கரை ஆலை இருக்கிற ஊருன்னு சொன்னா எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு டக்குனு தெரியும். எங்க பக்கம் பாண்டின்னா ரெண்டே ரெண்டு விஷயம்தான். ஒண்ணு ஜிப்மர் ஆஸ்பத்திரி. இன்னொண்ணு என்னன்னு நான் சொல்லவேண்டியதில்லை :) இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய வரலாறு படுத்துக்கிட்டு இருக்குங்கறது, அந்த கேள்விக்காக நோண்ட ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சது. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

ஒரே ரோடு, பல எல்லை

விழுப்புரத்துல இருந்து பாண்டி போற பஸ்ல ஏறினா ஒரு வேடிக்கை பார்க்கலாம். வளவனூர் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்துல மதகடிப்பட்டு, திருபுவனை வரும், அது புதுச்சேரி. அடுத்து கண்டமங்கலம், மறுபடியும் தமிழ்நாடு. அப்புறம் அரியூர், வில்லியனூர், திரும்ப புதுச்சேரி. கடைகளோட போர்டைப் பார்த்துத்தான் எந்த மாநிலத்துல இருக்கோம்னு தெரிஞ்சுக்கணும்.

இது பாண்டி பகுதி மட்டும். இதைத் தவிர காவிரி டெல்டாவுல காரைக்கால், கேரளக் கரையில மாஹே, ஆந்திராவுல கோதாவரி பக்கம் ஏனாம். நாலையும் கூட்டினாலும் 500 சதுர கிலோமீட்டர் தேறாது. எங்க பெரம்பலூர் மாவட்டமே அதைவிட மூணு மடங்குக்கு மேல பெருசு!

ஏன் இப்படி துண்டு துண்டா? பிரெஞ்சுக்காரங்க சண்டையில தோத்து, அப்புறம் ஐரோப்பாவுல நடந்த ஒப்பந்தத்துல திரும்ப வாங்கின கிராமங்கள் இவை. 1763லயும் 1814லயும் பாரிஸ்ல போட்ட ஒப்பந்தங்கள்தான் இதுக்கு மூலம். மேப்பை கையில வெச்சுக்கிட்டு ஒழுங்கா கோடு போட்டு யாரும் பிரிக்கலை.

பெரியவன் சின்னவன் ஆன கதை

எப்பவும் பிரெஞ்சுக்காரன் குட்டியாவே இருந்துடலை. 1750கள்ல யாரு இந்தப் பக்கத்தை ஆளுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. எங்க ஊரு பக்கத்துல வாலிகண்டபுரம் இருக்கு. 1751ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரங்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் இன்னொரு பக்கம்னு அங்கேதான் மோதினாங்க. திருச்சியை யார் பிடிப்பதுங்கற போட்டி. எங்க ஊர் வழியா போன படைகள்தான் இந்தியாவோட தலையெழுத்தை எழுதிச்சுன்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க, ஆனா அது முழுப் பொய்யும் இல்லை.

1761ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடிச்சு, கோட்டையையும் ஊரையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. அதுக்கப்புறம் பிடிக்கறதும் திருப்பிக் கொடுக்கறதுமா ஒரு ஐம்பது வருசம் ஓடிச்சு. நெப்போலியன் கதை முடிஞ்சு, 1816 டிசம்பர்ல பாண்டி கடைசியா பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்தப்ப கூடவே கண்டிஷன்களும் வந்தது. கோட்டை கட்டக்கூடாது. போலீஸ் வேலைக்குத் தேவையான ஆளுங்களைத் தவிர படை வெச்சுக்கக்கூடாது.

இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. உப்பு!

ஆங்கிலேயக் கம்பெனிக்கு உப்பு வியாபாரம் பெரிய வருமானம். பக்கத்துல பாண்டி, காரைக்கால்ல உப்பு காய்ச்சி சல்லிசா வித்தா கம்பெனி கதி? அதனால 1815ல் லண்டன்ல ஒரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதியில விளையற உப்பு உள்ளூர் தேவைக்குப் போக மிச்சமெல்லாம் ஆங்கிலேயருக்கே. பதிலுக்கு வருசத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு. 1818ல் இன்னும் ஒரு படி மேல போய், உப்பு காய்ச்சறதையே நிறுத்தச் சொல்லி, உப்பளக்காரங்களுக்கு வருசா வருசம் 4000 பகோடா நஷ்டஈடுன்னு முடிவு பண்ணாங்க.

கடலோரத்துல இருக்கற ஊரு, தன் கடல் தண்ணியில தானே உப்பு காய்ச்சிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட வாங்கித் திங்கணும். கொடி பறக்குது, கவர்னர் இருக்கார், பிரெஞ்சு சட்டம் இருக்கு. ஆனா உப்பு அவன் கையில. குட்டி நாட்டோட சுதந்திரம்னா என்னன்னு இதைவிட சுருக்கமா யாராலயும் சொல்ல முடியாது.

1879ல் விழுப்புரத்துல இருந்து பாண்டிக்கு ரயில் வந்தது. அதுவும் பிரிட்டிஷ் பகுதி வழியாத்தான் வந்தாகணும். புழக்கத்துல இருந்த காசும் ரூபாய்தான். ரெண்டாம் உலகப்போர்ல 1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்தப்ப, கவர்னர் போன்வேன் செப்டம்பரிலேயே தெ கோல் பக்கம் சாய்ஞ்சார். சுத்தியும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேற பக்கம் சாய வழியும் இல்லை. அடுத்த வருசம், 1941ல், பிரிட்டிஷ் இந்தியாவோட சுங்க ஒப்பந்தம் போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒரே சுங்க எல்லையா ஆக்கினாங்க.

அதே சமயம் அந்தக் கோட்டுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. 1908ல் பாரதி ஓடிப்போய் பத்து வருசம் தங்கினது அங்கேதானே? அரவிந்தர், வ.வே.சு. ஐயர் எல்லாரும் அங்கேதான். பிரிட்டிஷ் உளவாளிகள் தெருவுல சுத்தினாங்க, ஆனா வீட்டுக்குள்ள புகுந்து கைது பண்ண முடியலை. அந்தக் கோடு மட்டும் இல்லைன்னா பாரதியோட பாதி எழுத்து ஜெயிலுக்குள்ள போயிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் மாறினார்

1947 ஆகஸ்ட். பக்கத்து வீட்டுல பிரிட்டிஷ்காரன் காலி பண்ணிட்டு போயிட்டான். வந்தது நேருவோட இந்தியா. 36 கோடி ஜனம் ஒரு பக்கம், 3 லட்சம் ஜனம் ஒரு பக்கம். அந்த 3 லட்சமும் இந்த 36 கோடியும் மாமன் மச்சான். எல்லைக்கு இந்தப் பக்கம் பொண்ணு எடுத்து அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தவங்க.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் ஆரம்பிச்சது. 1947 அக்டோபர்ல சூரத், மசூலிப்பட்டினம், கோழிக்கோடு மாதிரி இடங்கள்ல பிரெஞ்சுக்காரங்க வெச்சிருந்த சின்னச் சின்ன வணிக இடங்களை இந்தியாகிட்ட கொடுத்துட்டாங்க. இந்தியா சார்பா பாண்டியில ஒரு கான்சல் ஜெனரல் உக்கார்ந்தார். பிரெஞ்சுத் தரப்புல பிரான்சுவா பாரோன். அவர் அரவிந்தர்கிட்ட ஈடுபாடு உள்ளவர்.

1948 ஜூன்ல ரெண்டு அரசும் ஒரு முடிவுக்கு வந்தாங்க: ஜனங்களே வாக்கெடுப்புல முடிவு பண்ணட்டும். இது பிரான்சோட பெருந்தன்மை மட்டும்னு நினைக்காதீங்க. 1946ல் வந்த பிரெஞ்சு அரசியல் சட்டத்தோட 27ஆவது பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களோட சம்மதம் இல்லாம எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாதுன்னு சொல்லுது. இன்னொரு பயமும் இருந்தது. வியட்நாம்ல சண்டை நடந்துக்கிட்டு இருக்கு. அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காங்க. பாண்டியை சும்மா தூக்கிக் கொடுத்தா "அப்ப எங்களுக்கு?"ன்னு எல்லாரும் கேட்பாங்க.

சந்திரநாகூர்ல இந்த வாக்கெடுப்பு நிஜமாவே நடந்தது. 1949 ஜூன் 19. இந்தியாவோட சேரணும்னு 7473 பேர், வேண்டாம்னு 114 பேர். மேட்டர் ஓவர். கல்கத்தாவுக்கு பக்கத்துல இருக்கற ஊரு, வேற என்ன முடிவு வரும்? அப்புறம் அது வங்காளத்தோட கலந்துடுச்சு.

பாண்டியில மட்டும் அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

முள்வேலியும் கடத்தலும்

1948 அக்டோபர்ல நடந்த நகராட்சித் தேர்தல்ல எதுவார் குபேரோட பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சி ஜெயிச்சது. பிரெஞ்சு நிர்வாகத்தோட ஆதரவு அவங்களுக்குத்தான். தேர்தல் நேர்மையா நடக்கலைன்னு இந்தியத் தரப்பு சொன்னது. வாக்கெடுப்பு எப்ப, எப்படின்னு முடிவு பண்ணற பொறுப்பு இந்த நகராட்சிகள் கையில.

இந்தியா அடுத்து எடுத்த ஆயுதம் துப்பாக்கி இல்லை, சுங்கம். அந்த 1941 ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. 1949 மார்ச் 31ஓட அது முடிஞ்சது. ஏப்ரல்ல இருந்து, நான் மேல சொன்ன அந்த துண்டு துண்டு எல்லை முழுக்க சுங்கச்சாவடி, வேலி, சோதனை.

இதை வில்லியனூர் பக்கத்து விவசாயியா இருந்து யோசிச்சுப் பாருங்க. வீடு ஒரு நாட்டுல, வயல் இன்னொரு நாட்டுல. நெல்லு அறுத்து மூட்டையைத் தலையில வெச்சா அது ஏற்றுமதி! ஆலைத் தொழிலாளியோட நிலைமையும் மோசம். பாண்டியோட பஞ்சாலைகளுக்குப் பருத்தியும் இந்தியாவுல இருந்துதான் வரணும், துணியும் இந்தியாவுலதான் விக்கணும்.

கஷ்டம் ஒரு பக்கம்னா, சிலருக்கு கொண்டாட்டம். வெளிநாட்டுச் சரக்கு பாண்டித் துறைமுகத்துல வந்து இறங்கும். இந்தியாவுல அதுக்கு வரி, கட்டுப்பாடு. அப்ப என்ன நடக்கும்? தங்கமும் வைரமும் ராத்திரியோட ராத்திரியா எல்லையைத் தாண்டிச்சு. 1948ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வேற. இன்னிக்கு எங்க ஊரு பசங்க பாண்டிக்கு போற அந்த இரண்டாவது காரணத்துக்கு 1948லயே பிள்ளையார் சுழி போட்டாச்சு :)

ஊருக்குள்ள வன்முறையும் கூடிச்சு. இணைப்பை ஆதரிச்சவங்க மேல குண்டர்கள் ஏவப்பட்டாங்க. 1936ல் எட்டு மணி நேர வேலைக்காக ஆலைத் தொழிலாளர்கள் போராடினப்ப முன்னால நின்ன கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவோட வீடு 1950ல் கொளுத்தப்பட்டது. 1951ல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, இருக்கற நிலைமையில சுதந்திரமா வாக்கெடுப்பு நடக்கறது கஷ்டம்கற மாதிரிதான் அறிக்கை கொடுத்தாங்க. 1952ல் இந்தியா, "வாக்கெடுப்பு பேச்சே இனி வேண்டாம், நேரா ஒப்படைச்சுடுங்க"ன்னு நிலையை மாத்திக்கிச்சு.

1954: ஏழே மாசத்துல எல்லாம் முடிஞ்சது

இங்கதான் கதையில டிவிஸ்ட். 1954 ஆரம்பத்துல குபேர் மேலயும் அவரோட கூட்டாளிகள் மேலயும் பிரெஞ்சு நிர்வாகம் விசாரணையை ஆரம்பிச்சது. அதுவரைக்கும் இணைப்பை எதிர்த்த அதே குபேர், பிரெஞ்சு நாடாளுமன்றத்துல உறுப்பினரா இருந்த அதே குபேர், அப்படியே யு-டர்ன்! மார்ச் 18 அன்னிக்கு பாண்டி பகுதியோட எட்டு கொம்யூன் மேயர்களும் வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோட சேரணும்னு தீர்மானம் போட்டாங்க. (கொம்யூன்னா நம்ம ஊர் பஞ்சாயத்து ஒன்றியம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பாண்டியில இன்னிக்கும் அந்த வார்த்தைதான்.)

மாசக் கடைசியில குபேர் நெட்டப்பாக்கத்துல தற்காலிக அரசை ஆரம்பிச்சார். ஏன் நெட்டப்பாக்கம்? மேப்பைப் பாருங்க. பாண்டி டவுன்ல இருந்து அங்க போகணும்னா நடுவுல இந்திய மண்ணைத் தாண்டணும். பிரெஞ்சு போலீஸ் தன் நிலம் வழியா போக இந்தியா அனுமதிக்கலை. தன் ஊருக்குள்ளயே தன் போலீஸ் போகமுடியாத நிலைமை. அன்னிக்கு உப்பு, இன்னிக்கு ரோடு. 1814ல் துண்டு துண்டா வாங்கின நிலம் 1954ல் அப்படியே திருப்பி அடிச்சது.

ஜூன்ல ஏனாம் கைமாறிச்சு. ஜூலைல மாஹே. உலகத்துலயும் காத்து மாறிடுச்சு. மே 7ஆம் தேதி வியட்நாம்ல தியன் பியன் பூ விழுந்தது. ஜூன்ல பிரான்ஸ்ல மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமர் ஆனார். இந்தோசீனாவையே விட்டுட்டு வரவர் பாண்டிக்காக மல்லுக்கட்டுவாரா?

ஆனாலும் அந்த 27ஆவது பிரிவு இருக்கே! மக்கள் சம்மதம் இல்லாம கொடுக்க முடியாதே! அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மக்களுக்கு பதிலா மக்கள் பிரதிநிதிகள். 1954 அக்டோபர் 18, வில்லியனூர் பக்கம் கீழூர்ங்கற கிராமம். சட்டசபை, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் கூடினாங்க. இணைப்புக்கு ஆதரவா 170, எதிர்ப்பு 8. அக்டோபர் 21ல் டெல்லியில ஒப்பந்தம். நவம்பர் 1 நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. கான்சல் ஜெனரலா இருந்த கேவல் சிங்தான் இந்தியா சார்பா பொறுப்பேற்றார்.

3 லட்சம் பேர் முடிவு பண்ணவேண்டியதை 178 பேர் முடிவு பண்ணினாங்க. அதுவும் எந்தத் தேர்தல்கள்ல நேர்மை இல்லைன்னு இந்தியா சொல்லிக்கிட்டு இருந்ததோ, அந்தத் தேர்தல்கள்ல வந்தவங்க. ராஜதந்திரம்னா இதுதான் போல!

நிஜமா வாக்கெடுப்பு வெச்சிருந்தா இந்தியாவே ஜெயிச்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். முள்வேலிக்கு நடுவுல வாழற ஜனம் வேற எதைக் கேட்கும்? ஆனா "ஜெயிச்சிருப்போம்"கறது வேற, கேட்டு ஜெயிக்கறது வேற. ஊரைக் கேட்டுட்டு கல்யாணம் பண்றதுக்கும், பொண்ணு சம்மதம்னு பெரியவங்களே சொல்லிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

எட்டு வருசம் அந்தரத்துல

இதுக்கப்புறம் நடந்ததுதான் நண்பரோட கேள்விக்கான பதில்.

1956 மே 28 அன்னிக்கு நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் டெல்லியில உடன்படிக்கையில கையெழுத்து போட்டாங்க. ஆனா பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை உடனே ஏத்துக்கலை. அல்ஜீரியாவுல போர் நடந்துக்கிட்டு இருக்கும்போது ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரலை. 1962ல் அல்ஜீரியப் போர் முடிஞ்ச பிறகுதான் ஏத்துக்கிட்டாங்க. 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படி பாண்டி இந்தியா ஆச்சு. நடுவுல எட்டு வருசம் ஆட்சி இந்தியா, சட்டப்படி பிரான்ஸ்.

அந்த உடன்படிக்கையில இருக்கற சில விஷயங்கள்:

- அங்க பிறந்து அங்கேயே வாழற பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆவாங்க. வேண்டாம்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கலாம். சுமார் 5000 பேர் அப்படி வெச்சுக்கிட்டாங்க. பிரெஞ்சுப் படையில வேலை பார்த்த "சொல்தா" குடும்பங்கள் பாண்டியில பென்ஷன் வாங்கிக்கிட்டு இருக்கற கதை இங்கேருந்து ஆரம்பிக்குது.
- மக்கள் பிரதிநிதிகள் வேற முடிவு எடுக்கறவரைக்கும் பிரெஞ்சும் ஆட்சிமொழியா இருக்கும்.
- பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் தொடரும்.

எல்லாத்துக்கும் மேல இரண்டாவது பிரிவு. 1954 நவம்பருக்கு முன்னால இருந்த தனி நிர்வாக அமைப்பு தொடரும். அதுல ஏதாவது அரசியல் சட்ட மாற்றம் பண்ணணும்னா, மக்களோட விருப்பத்தைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பண்ணணும்.

ஐயா, இதுதான் விடை! தரங்கம்பாடியை 1845ல் டேனிஷ்காரன் ஆங்கிலேயனுக்கு காசுக்கு வித்துட்டு போயிட்டான். நாகப்பட்டினத்தை ஆங்கிலேயன் சண்டையில பிடிச்சான். அந்த ஊர் ஜனங்களுக்காக இப்படி ஒரு வரி எழுதி வாங்கினவங்க யாரும் இல்லை. பாண்டிக்கு அந்த ஒரு வரி இருந்தது. 1963 ஜூலையில சட்டசபையோட யூனியன் பிரதேசமா தனி அரசும் வந்தது.

அந்த முதல் அரசோட முதலமைச்சர் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம குபேர்தான். பாண்டி பீச் ரோடுக்கு இன்னிக்கு அவர் பேர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பேர். ஆரம்பத்துல இருந்தே இணைப்புக்காகப் போராடி வீடு எரிஞ்சவர் வேற. கடைசி ஏழு மாசத்துல பக்கம் மாறி கடற்கரைக்கே பேர் வாங்கினவர் வேற. வரலாறு சில சமயம் லாஸ்ட் மினிட்ல ஜாயின் பண்ணினவனுக்குத்தான் அப்ரைசல்ல முதல் ரேட்டிங் கொடுக்குது :)

அந்த ஒரு வரி வேலை செஞ்சதா?

செஞ்சது. 1979ல் பிரதமரா இருந்த மொரார்ஜி தேசாய், இந்த மாதிரி சின்னப் பகுதிகளைப் பக்கத்து மாநிலங்களோட சேர்த்துடலாம்னு சொன்னார். பாண்டி கொந்தளிச்சது. ஜனவரி மாசம் பூரா பந்த், கலவரம், துப்பாக்கிச் சூடு. எங்களைக் கேட்காம பண்ண முடியாதுன்னு ஜனங்க சொன்னதுக்குப் பின்னால அந்த இரண்டாவது பிரிவு இருந்தது. இணைப்பு யோசனையை அத்தோட மூட்டை கட்டிட்டாங்க. 1954ல் கேட்கப்படாத ஜனம், 1979ல் கேட்காமலே பதில் சொல்லிடுச்சு.

இதோட கோவாவை ஒப்பிட்டுப் பாருங்க. போர்ச்சுகல்ல சலாசார் பேசவே மாட்டேன்னார். 1961 டிசம்பர்ல இந்திய ராணுவம் உள்ள போய் முடிச்சிடுச்சு. உடன்படிக்கையும் இல்லை, இரண்டாவது பிரிவும் இல்லை. ஆனா 1967 ஜனவரியில மகாராஷ்டிராவோட சேரணுமா தனியா இருக்கணுமான்னு கோவா ஜனங்களை நேராக் கேட்டாங்க. தனியா இருக்கோம்னு சொன்னாங்க. ராணுவம் போன ஊர்ல வாக்கெடுப்பு நடந்தது, பேச்சுவார்த்தை நடந்த பாண்டியில நடக்கலை. விசித்திரம்தான்.

இன்னும் தூரமா ஹாங்காங். பிரிட்டனும் சீனாவும் 1984ல் கூட்டறிக்கை போட்டாங்க, 50 வருசத்துக்கு எதுவும் மாறாதுன்னு. 1997ல் கைமாறிச்சு. 2020ல் பெய்ஜிங் நேரடியா தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தப்ப அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் தாங்கிச்சுன்னு உலகமே பார்த்தது.

ஆக, எழுதி வாங்கினா மட்டும் போதாது. அதை எடுத்துக் காட்டி சண்டை போட ஒரு சட்டசபை வேணும், ஓட்டு வேணும், தெருவுல இறங்கினா காது கொடுக்கற ஒரு டெல்லி வேணும். பாண்டிக்கு இது எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அந்த வகையில இந்தியா நல்ல பக்கத்து வீட்டுக்காரன்தான். முள்வேலி போட்ட 1949ஐ மறக்காமலே இதைச் சொல்றேன்.

எங்க தொழில்ல ஒரு பாலபாடம் உண்டு. பெரிய கிளையண்ட் போன்ல சொன்னதெல்லாம் காத்தோட போயிடும். மெயில்ல வாங்கினதுதான் நிக்கும். அதுவும் அந்த மெயிலை சரியான நேரத்துல தேடி எடுக்கத் தெரிஞ்சவன் டீம்ல இருந்தாத்தான். 1948ல் கொடுத்த வாக்கெடுப்பு வாக்குறுதி காத்தோட போச்சு. 1956ல் எழுதின ஒரு வரி இன்னும் நிக்குது.

அதனால, "ஒரே ஜனம், ஒரே மொழி, சேர்த்துட வேண்டியதுதானே"ன்னு யாராவது கேட்டா என் பதில் இதுதான்: சேரலாம், தப்பே இல்லை. ஆனா ஒரு தடவை அந்த ஊர் ஜனங்களை நேரா உக்கார வெச்சுக் கேட்டுட்டு சேருங்க. 1948ல் இருந்து அந்தக் கேள்வி பாக்கி இருக்கு.

கண்டமங்கலம், மதகடிப்பட்டு, பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து மக்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். உங்க தாத்தா பாட்டிகிட்ட அந்த அஞ்சு வருச வேலிக் கதையைக் கேட்டு வெச்சிருந்தா எழுதுங்க. டெல்லியிலயும் பாரிஸ்லயும் கையெழுத்து போட்டவங்க பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. நெல்லு மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு சுங்கச்சாவடியில நின்னவங்க கதையை நாமதான் எழுதணும்.